காட்டுக் காற்று

காரில் நீண்ட தூரம் போனால் எனக்குப் பசி அதிகமாகும் சார். அன்றைக்கும் சத்தியவேட்டில் நிறுத்தி நான்கு இட்லி, ஒரு வடை சாப்பிட்டேன். என் மனைவி ஜெஸ்லின் காபி மட்டும் குடித்தாள். சீக்கிரம் காட்டைப் பார்க்க வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு.

எர்ணாவூரில் எங்கள் வீடு ஒரே அறை. நான் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறேன், இரவு ஷிப்ட். பகலில்தான் தூங்க வேண்டும். கல்யாணமான இரண்டாம் வருடமே அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவருக்காவது அது உண்டு. நான் கண்ணை மூடினால் பக்கத்தில் அந்த விசில் சத்தம். எனக்குக் கேட்கக் கூடாதென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமுவாள். கேட்கும் சார். ஆறு வருடம் கேட்டேன். வேறு பெண் இல்லை, பணத் தகராறு இல்லை. தூக்கம்தான் காரணம். வெளியில் சொல்லவே கூசுகிறது.

எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம். மீஞ்சூர் தாண்டிப் போகிறவர்கள் இன்ஹேலரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். நோய் இந்த ஊர்க் காற்றில்தான் இருக்கிறது, தாண்டிவிட்டால் தேவைப்படாது என்று ஒரு நம்பிக்கை. கார் வாடகைக்கு விடும் லூர்து மட்டும் வேறு மாதிரி சொன்னான். அப்போது அக்டோபர் மாதம்.

“நாகலாபுரம் காடா? உசாரு மாமு. போன பிப்ரவரில அங்க என் பொஞ்சாதிக்கு மூச்சே நின்னுப் பூட்ச்சு. பூத்தூள் ஒத்துக்கல. இன்ஹேலர் இருந்துச்சு, பொயச்சா. போன்ல டவர் கூட எடுக்காது.”

சரி என்று கேட்டுக்கொண்டேன். பிப்ரவரி வரும்வரை காத்திருந்தேன்.

கிளம்பும்போது அவள் இன்ஹேலரைக் கைப்பையில் போட்டாள்.

“அது இன்னாத்துக்கு? சுத்தமான காத்து வாங்கத்தான போறோம்?” என்றேன்.

“ஆமாய்யா, ஒரு நாளாச்சும் அந்தக் கருமம் இல்லாம இருக்கேன்” என்று சிரித்து, அதை டிவி மேல் வைத்தாள்.

காட்டுச் சாலை அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் பூத்திருந்தன. கண்ணாடிகளை இறக்கிவிட்டேன். ஐந்தாறு கிலோமீட்டரில் அவளுக்கு இழுப்பு தொடங்கியது.

“வண்டிய திருப்புய்யா. ஒரு மாதிரி கீது.”

“நல்லா இயுத்து வுடு. ஊர்ல உள்ள போன புகையெல்லாம் வெளிய வருது.”

நம்பினாள். தலையை வெளியே நீட்டி, வாயைத் திறந்து, முடிந்தமட்டும் இழுத்தாள். நான் திருப்பவில்லை. இன்னும் உள்ளே போய், ஓடையோரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். இருபது நிமிடம் இருக்கும்.

எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். ஊர்வழக்கத்தை நம்பி ஏமாந்துவிட்டாய், உன் தப்பு என்ன என்றார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் பகலில் ஒன்பது மணி நேரம் தூங்கினேன். எழுந்து உட்கார்ந்தபோது அசிங்கமாக இருந்தது. முகம் கழுவிக்கொண்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவள்மேல் என் விரல்கூடப் படவில்லை என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மைதான் சார். கடைசியில் அவள் கார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் சட்டையைப் பிடிக்கப் பார்த்தாள். நான் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.