பின் சக்கரத்துக்குப் பூக்கட்டிப் போட்ட கதை

மூஞ்சி கச்சேரி ரோட்டுக்குத் திரும்புது, முதுகு ராயப்பேட்டைக்குப் போகுது, வயித்துக்குள்ள மூணு பேரு அலறுதாங்க. அது என்ன? சொல்லுங்க அண்ணாச்சி, பாப்போம்... சும்மா ஒண்ணு சொல்லுங்க... மாடா? மாட்டுக்குள்ள மூணு பேரு எப்படிய்யா இருப்பாங்க! என் காரு அண்ணாச்சி, என் ஹெரால்டு! லஸ் முனையில வலது பக்கம் ஒடிச்சா இந்தக் கூத்துதான்.

அடடா, சாக்கு கால்ல குத்துதா? மன்னிச்சுக்கிடுங்க. இப்படித் தள்ளி வைக்கேன்... சேச்சே, துப்பாக்கி இல்ல. கம்பி. காரோட கம்பி. பயப்படாம உக்காருங்க.

காரு எங்கன்னு கேக்கீங்களா? அபிராமபுரத்துல வீட்டு வாசல்லதான் நிக்குது. நல்லா ஓடும். பெட்ரோல் கூட இருக்கு. பின்ன எதுக்கு பஸ்ஸுன்னா... அதத்தான சொல்ல வாரேன். நீங்க அவசரப்படுதீங்க.

எனக்கு பாண்டி பஜார்ல பாத்திரக்கடை. பேரு நல்லசிவம். குடம் தெரியும், குத்துவிளக்கு தெரியும். காரைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. சோழவரத்துக்கு மச்சினன் அய்யாதுரை கூட்டிட்டுப் போனான், ரேசு பாக்க. அதோட புத்தி கெட்டுது. வந்ததும் ரெண்டு கார்புரேட்டர் மாட்டினேன். சைலன்சரைத் தொளை பண்ணினேன். வண்டி உறுமுது பாருங்க, தெருவுல பால்காரன் சைக்கிளை விட்டுட்டு ஓடினான்! ஆனா வளைவுல மட்டும் பின்பக்கம் வழுக்கிட்டுப் போயிரும். அய்யாதுரை அவன் பியட்டுல சர்ருன்னு தாண்டிப் போவான், கையை வேற ஆட்டிக்கிட்டு. எனக்கு எப்படி இருக்கும்?

ராயப்பேட்டை மெக்கானிக் வடிவேலுகிட்ட கேட்டேன். அவன் சொன்னான், "நைனா, முப்பது மைல்ல திரும்பு. ஒண்ணியும் மாத்த வாணாம். கம்பினிக்காரன் போட்ட ஆர்ம் சோக்காத்தான் கீது." முப்பதுல திரும்புனா மாட்டு வண்டி தாண்டிருமே! நான் கேக்கல.

ஆர்ம்னா என்னன்னு தெரியுமா? பிள்ளையக் கையப் புடிச்சு ரோடு தாண்டுதோம்லா, அது மாதிரி பின் சக்கரத்தை வண்டியோட உடம்பு புடிச்சிருக்க கம்பி. சக்கரம் மேல கீழ குதிக்கணும். ஆனா முன்ன பின்ன ஓடிறக்கூடாது. லேசாப் புடிச்சா ஓடிரும். நெறிச்சுப் புடிச்சா கை வலிக்கும். அம்புட்டுதான் விசயம். அதுக்கு நான் மூணு ஜோடி வாங்கி வெச்சேன்.

மொத ஜோடி, நான் நச்சரிச்சதுல வடிவேலு தண்ணிக் குழாயை வெட்டி வெல்டு வெச்சது. மந்தவெளி பள்ளத்துல ஒரு தடவை இறங்குச்சு, வளைஞ்சு போச்சு. சேனை வேக வெச்ச மாதிரி! இன்னொண்ணு கப்பல்ல வந்த சீமைச் சரக்கு. செவப்புப் பெயிண்டு, பாக்க ராசா மாதிரி. ஆனா வேற ஏதோ காருக்குச் செஞ்சது, அரை அங்குலம் நீளம் ஜாஸ்தி. மாட்டினா வண்டி நண்டு மாதிரி சாஞ்சு போகுது. ரெண்டும் இந்தச் சாக்குலதான் இருக்கு, திருப்பிக் குடுக்கப் போறேன்.

எறங்கணுமா? இப்பத்தான கோயில் குளம் வந்திருக்கு... லஸ்ஸுன்னுதான டிக்கெட் எடுத்தீங்க, நான் பாத்தேனே! உக்காருங்க.

மூணாவதுதான் அண்ணாச்சி, ஆர்ம்! லேத்துக்காரர் வலியுல்லா கடைஞ்சு குடுத்தாரு. உருட்டுக் கம்பி. ரெண்டு முனையிலயும் குலுக்கலை வாங்குத ரப்பரே கெடையாது, பித்தளை வளையம்தான். லஸ்ஸுல நாப்பத்தஞ்சுல திரும்பினேன். ஒட்டிக்கிட்டு வந்துது! அய்யாதுரை மூஞ்சியைப் பாக்கணுமே... என்ன, ரோட்டுல கெடக்க கடுகு கூட முதுகெலும்புக்குத் தெரியும். அது பரவாயில்ல.

பேச்சிக்குத்தான் பல்லு விழுந்துட்டு.

என் மக. ஏழு வயசு. அவளுக்காகத்தான் காரே வாங்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் போகையில பின் சீட்டுல நின்னுக்கிட்டு, கடை போர்டையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டே வருவா. அதக் கேக்கவே நான் சுத்திப் போவேன். பல்லு ஏற்கனவே ஆடிக்கிட்டுதான் இருந்துது, நான் பொய் சொல்லல. ஆனா கச்சேரி ரோட்டுல ஒரு குலுக்கு... எங்க விழுந்துதுன்னே தெரியல. சாணியில உருட்டிக் கூரை மேல போடணும்லா? சீட்டுக்கு அடியில எல்லாம் தேடினா. கெடைக்கல. அன்னையில இருந்து போர்டு படிக்கதில்ல. முன் சீட்டைப் புடிச்சுக்கிட்டு வாயை மூடி உக்காந்துக்கிடுதா.

எம் பொண்டாட்டி முத்துலட்சுமி சொல்லிட்டா, "எந்தக் கம்பின்னு பிள்ள சொல்லட்டும். அவதான ஏறப் போறா." சரி, பூக்கட்டிப் போடுவோம்னேன். எங்க ஊர்ப் பக்கம் முடிவு தெரியலைன்னா அப்படித்தான். சாமி முன்னால பொட்டலம் பொட்டலமாப் பூ மடிச்சு வெச்சு, சின்னப் பிள்ளைய விட்டு ஒண்ணு எடுக்கச் சொல்லுவோம். நந்தியாவட்டை வந்தா வடிவேலு குழாய். துளசி வந்தா சீமைச் சரக்கு. செவ்வரளி வந்தா வலியுல்லா. சாமி சொல்லியாச்சுன்னா பிள்ள வாயைத் தொறக்க முடியாதுலா?

இப்ப உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன... மூணு பொட்டலத்துலயும் அரளிதான் வெச்சேன். இப்படிப் பாக்காதீங்க! அம்மனுக்கு சஸ்பென்ஷனைப் பத்தி என்ன தெரியும்? அவ சிங்கத்து மேல போறவ. நேத்து சாயங்காலமே, கழட்டி வெச்சிருந்த வலியுல்லா கம்பியைத் திரும்ப மாட்டி வண்டியை வாசல்ல நிறுத்திட்டேன். காலையில சாவியோடதான் சாமி கும்பிட்டேன்.

பேச்சி ஒரு பொட்டலம் எடுத்தா. அரளி. நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன், "அம்மா தாயே"ன்னு. கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போலிருக்கு. அவ என்னைப் பாத்தா. ரெண்டாவதைப் பிரிச்சா. மூணாவதையும் பிரிச்சா. அடுக்களையில முத்துலட்சுமி சிரிக்கா, பாத்திரம் கீழ விழுது...

அந்தா, முன்னால ரெட்டைச் சடை, ஜன்னலோரம், பிள்ளையார் ஸ்டோர்ஸ் போர்டைப் படிச்சுக்கிட்டு இருக்காளே... அவதான் பேச்சி.

மூணு அரளியையும் என் கையில வெச்சா. பையைத் தோள்ல மாட்டினா. பஸ்ஸுல போறேன்னு சொன்னா.