மிரர் போட்ட கியர்பாக்சும் தாமரைச்செல்வி அக்காவின் கையெழுத்தும்

வரைபலகையில் பென்சில் பிடித்து வந்து, கணினியில் கைதேர்ந்து, முப்பத்தோரு ஆண்டுகள் எம் தொழிற்கூடத்தின் டிசைன் பிரிவைத் தாங்கிய தகைமையே! சிவப்புப் பேனாவால் எங்களைச் சீராக்கிய செம்மையே! நாகமலை புதுக்கோட்டை பஸ் தாமதித்த நாளிலும் தாமதிக்காத, இன்று பணி ஓய்வுபெறும் தாமரைச்செல்வி அக்கா அவர்களே! வணக்கம்.

புதிதாக வருவோர்க்கெல்லாம் நீங்கள் முதலில் சொன்னது மிரர், பேட்டர்ன் பற்றித்தான். இடப்பக்கத்தை வரைந்துவிட்டால் வலப்பக்கத்தை ஒரே கட்டளையில் திருப்பி எடுப்பது மிரர். ஒன்றை வரைந்து வரிசையாகப் பெருக்குவது பேட்டர்ன். “நாம செய்யிற தகட்டத் திருப்பலாம்ப்பா. கடையில வாங்குற சாமானத் திருப்பாதீக. திருப்புனது எந்தக் கடையிலயும் கெடைக்காது” என்பீர்கள். கேட்டுத் தலையாட்டியவர்களில் ஜெயபாண்டியும் ஒருவர். தலையாட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், கடலை தரம்பிரிக்கும் இயந்திரம் ஒன்றுக்கு அவர் அவசரமாக வரைந்தார். தகடுகளோடு, கடையில் வாங்கும் கியர்பாக்சையும் சேர்த்து மிரர் போட்டார். அந்தப் பிழையோடே பேட்டர்ன் கொடுத்துப் பன்னிரண்டு இயந்திரக் கூடுகளாகப் பெருக்கினார். “நல்லாப் பாத்துட்டேன்க்கா, கையெழுத்து மட்டும் போடுங்க. வெல்டிங்ல ஆளுக காத்திருக்காக” என்றார். அவரை நம்பி நீங்களும் போட்டீர்கள். பன்னிரண்டு கூடுகளும் வெட்டி ஒட்டி முடிந்த பிறகுதான், வாங்கி வந்த கியர்பாக்ஸ் வலப்பக்கம் ஒன்றிலும் உட்காராதது தெரிந்தது.

முதலாளி டிசைன் அறைக்கே வந்துவிட்டார். “செக் பண்ணது யாரு?”

“நாந்தான் சார்” என்றீர்கள்.

வரைந்தது யார் என்று அவர் கேட்கவில்லை. உங்களுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்ற ஜெயபாண்டிக்கு வாய் வரை வந்தது. புதிதாகக் கல்யாணமானவர், வேலை போய்விடும் என்று பயம். விழுங்கிவிட்டார். அந்த ஆண்டு உங்களுக்கு வரவேண்டிய தலைமை டிசைனர் பொறுப்பு வரவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அது அவருக்கே வந்தது. அந்த நாற்காலியில் அவர் ஒரு நாளும் நிம்மதியாக உட்காரவில்லை. உங்கள் மேசைப் பக்கம் போவதையும் குறைத்துக்கொண்டார். கேட்க வேண்டியதை ஆள்விட்டுக் கேட்டார்.

போன வாரம்தான் துணிந்து உங்கள் முன் வந்து நின்றார். “அக்கா, அந்த கியர்பாக்ஸ மிரர் போட்டது நாந்தான்.”

“தெரியும் தம்பி. ஃபைலத் தெறந்தா யாரு செஞ்சதுன்னு பேரு காட்டுதே, அம்புட்டு கூடவா எனக்குத் தெரியாது?” என்றீர்கள். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, “தப்பு எல்லாருக்கும் வரும். மறுநாக் காலையில நீ வந்து ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன். ஒம்பது வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றீர்கள்.

ஜெயபாண்டி அதோடு விடவில்லை. மறுநாள் எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்து நடந்ததைச் சொன்னார். அதுவரை உங்கள் பிழை என்றே நம்பியிருந்த எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. உங்களிடம் நாங்களும் ஒரு வார்த்தை கேட்டதில்லையே! இந்த வழியனுப்பு மடலைத் தானே எழுதி, முதலாளி முன்னிலையில் தானே வாசிப்பதாக அவர் சொன்னார். நாங்கள் தடுக்கவில்லை.

பொறுமையின் பெட்டகமே! பழிசுமந்தும் பகை சுமக்காத பண்பே! நோயும் நொடியும் அண்டாமல், பேரன் பேத்திகளோடு அழகர்கோவில் மலையேறி இறங்கும் தெம்போடு நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும். இந்த மடலைப் பிரேம் போட்டுத் தருகிறோம். பீரோவுக்குள் வைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டார் ஒன்பது ஆண்டுகளாக வேறு கதையைத்தான் கேட்டிருப்பார்கள். வருகிறவர் போகிறவர் படிக்கும்படி வாசலுக்கு நேரே மாட்டுங்கள்.

உங்களை வழியனுப்ப மனமில்லாத,
டிசைன் பிரிவினர்

எழுதி வாசிப்பவர்:
வி. ஜெயபாண்டி, தலைமை டிசைனர்.
வரைந்தது நான். அக்கா அல்ல.