வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

முதலில் தண்ணீரைக் குடியுங்கள் சார். வெயிலில் வந்திருக்கிறீர்கள். எங்கள் ஊர்த் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் உண்டு. ஆனால் அதை எடுத்த எடுப்பில் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். அதனால் நடந்ததைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் தச்சன். இந்த ஊர்க் கதவுகளில் பாதிக்கு மேல் என் இழைப்புளி பட்டவை. திருட்டுத் தடுப்புக் குழுவின் செயலாளரும் நான்தான். முகத்துக்கு நேரே ‘செயலாளர்’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘தாழ்ப்பாள்’ என்பார்கள். காதில் விழும். விழாத மாதிரி போய்விடுவேன். தாழ்ப்பாள் ஒன்றும் கெட்ட சாமான் இல்லையே.

குழு சும்மா வந்துவிடவில்லை. ஊர் பட்ட அடி அப்படி. அடுப்பைச் சோதிக்க வந்திருக்கிறேன் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஒருவன் வந்தான். அவன் போனபோது மாவு மில்காரர் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களும் கூடவே போயின. அப்புறம் கடைக்காரர் வீட்டுக்குத் தூரத்து உறவு என்று ஒருவன் வந்து தங்கினான். வயிறாரச் சாப்பிட்டான். செத்துப்போன சொந்தங்களை எல்லாம் நினைவுபடுத்திக் கடைக்காரரை அழவைத்தான். பிறகு கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். மோட்டார் போனதைவிட அந்தச் சொந்தம் போனதுதான் கடைக்காரருக்குத் தாங்கவில்லை. “அவ்வளவு பாசமா பேசினான்யா,” என்று இன்னமும் சொல்வார்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது பெரிய வாத்தியார் விவகாரம். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், குழுவின் தலைவர், தனிக்கட்டை. “பெரியப்பா, ஆஸ்பத்திரில இருக்கேன், பணம் அனுப்புங்க,” என்று அவருக்கு ஒரு போன் வந்தது. அனுப்பிவிட்டார். “எனக்குத் தம்பியே கிடையாதுங்கறது அனுப்பின பிறகுதான்யா ஞாபகத்துக்கு வந்துச்சு,” என்றார் கூட்டத்தில். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் பயம் வந்துவிட்டிருந்தது.

அப்போதுதான் நான் எழுந்து என் திட்டத்தைச் சொன்னேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேள்வி, ஒரு பதில். அது அந்த வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். கதவைத் தட்டுவது யாராக இருந்தாலும், பெற்ற பிள்ளையே ஆனாலும், உள்ளேயிருந்து அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். பதில் சரியாக இருந்தால் திறக்கலாம். முகத்தை நம்பக் கூடாது, குரலை நம்பக் கூடாது, போனை நம்பவே கூடாது. ஊரே கை தட்டியது. எனக்கு வாழ்க்கையில் அதற்கு முன்னால் யாரும் கை தட்டியதில்லை சார்.

திட்டம் நன்றாகத்தான் நடந்தது. பதிலை மறந்துவிட்ட மாப்பிள்ளையைக் கடைக்காரர் கொட்டும் மழையில் வாசலில் நிறுத்தினார். “பாவம், மாப்பிள்ளை நனையறாரு,” என்று அவர் சம்சாரம் கெஞ்சியதற்கு, “நிஜ மாப்பிள்ளையா இருந்தா பதில் தெரிஞ்சிருக்கும். நனையட்டும்,” என்றார். பெரிய வாத்தியார் வீட்டில் கேள்வி கேட்க ஆள் இல்லை. அதனால் கேள்வியை ஒரு பலகையில் எழுதிக் கதவில் மாட்டினார். வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் தானே படித்து, தானே உரக்கப் பதில் சொல்லி, பிறகுதான் பூட்டைத் திறப்பார். ஒருநாள் பதில் நினைவுக்கு வராமல் பள்ளிக்கூட வராந்தாவிலேயே தங்கிவிட்டார். சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. ஒழுங்கு என்றால் அவரிடம் பாடம் படிக்க வேண்டும்.

குழப்பத்தைக் கொண்டுவந்தது என் மனைவி.

எந்த மாதிரிக் கேள்வி வைத்துக்கொள்வது என்று சிலருக்குப் பிடிபடவில்லை. அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்து விளக்கம் சொல்லப் போனாள். நல்ல எண்ணத்தில்தான் எழுந்தாள், அதை நான் மறுக்கவில்லை. “எங்க வீட்டையே எடுத்துக்குங்க. ‘கல்யாணமானதும் இந்த வீட்டுக்காக முதல்ல செஞ்ச சாமான் என்ன?’ இதான் கேள்வி. பதில், முக்காலி. அதுவும் ஒரு கால் குட்டை. இன்னிக்கு வரைக்கும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு. ஊருக்கே கதவு செஞ்சு தர்ற மனுஷன், சொந்தப் பொண்டாட்டிக்கு ஒரு முக்காலி நேரா செய்யத் தெரியல,” என்றாள்.

ஊர் சிரித்தது. பெரிய வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மழையில் நனைந்த மாப்பிள்ளைகூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நன்றாக இருந்திருக்காது.

நான் கோபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். கோபக்காரன் கையில் உளி நிற்காது. நான் யோசித்தது வேறு. எங்கள் வீட்டு ரகசியம் இப்போது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எவள் வேண்டுமானாலும் வந்து ‘முக்காலி’ என்று சொல்லி உள்ளே நுழையலாம். பதிலை மாற்றியே ஆக வேண்டும். இதில் ஏதாவது தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மறுநாள் மச்சினி காலை உடைத்துக்கொண்டாள் என்று சேதி வந்தது. அக்காவாயிற்றே, இவள் பஸ் பிடித்துப் போய்விட்டாள். அவள் போன பிறகு பதிலை மாற்றினேன். அவளிடம் எப்படிச் சொல்வது? போனில் சொல்லக் கூடாது என்பது நான் போட்ட விதி. நேரில் சொல்லலாம் என்றால் அவள் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் பதில் தெரிந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் சின்னச் சிக்கல் ஒன்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

அவள் திரும்பி வந்தது ஒரு மதிய நேரம். கதவு தட்டப்பட்டது.

“யாரு?”

“நான்தாங்க. திறங்க, பை கனக்குது.”

கேள்வியைக் கேட்டேன். “முக்காலி. ஒரு கால் குட்டை,” என்று சிரித்தாள்.

“பதில் தப்பு,” என்றேன்.

வெளியே பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “என்னங்க, விளையாடறீங்களா?” என்றாள். நான் விளையாடவில்லை. கொல்லைப்புறம் வழியாகப் போய்க் குழுவைக் கூட்டினேன். வாசலில் விசாரணை நடந்தது. அவள் பைமேல் உட்கார்ந்துகொண்டு எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். என் முதுகில் இருக்கிற மச்சம், நான் தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, எங்கள் அப்பா போனபோது மரப்பட்டறைக்குள் ஒளிந்துகொண்டு நான் அழுதது, ஒன்று விடவில்லை. பெரிய வாத்தியார் என் காதருகே குனிந்தார். “ஏம்ப்பா, என்னதான் பொண்டாட்டின்னாலும் இவ்வளவு தெரிஞ்சிருக்குமா? நல்லா விசாரிச்சு, தயாராத்தான் வந்திருக்கா.” கடைக்காரரும் தலையாட்டினார். அவர் வீட்டில் தங்கியவனுக்கும் இப்படித்தான் எல்லாம் தெரிந்திருந்தது.

“அதில்ல,” என்றார் மாவு மில்காரர். “நிஜமான ஆளா இருந்தா இந்நேரம் கதவை எட்டி உதைச்சிருப்பாங்க.”

அவள் எழுந்து கதவை எட்டி உதைத்தாள்.

“பாருங்க, நாம சொன்னதைக் கேட்டுட்டு உதைக்கறா,” என்றார் அவர்.

ஊர் முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் எல்லோரும் தங்கள் ஆட்களை வாசலில் நிறுத்தியவர்கள். செயலாளர் வீட்டுக்கு மட்டும் விதி வளைந்தால் அவர்கள் பட்ட பாட்டுக்கு என்ன அர்த்தம்? கடைக்காரர் அதற்கப்புறம் மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பார்?

வந்தவள் போலி என்றால் உண்மையானவள் எங்கே என்று கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. அதனால்தான் உங்கள் ஸ்டேஷனில் மனைவியைக் காணவில்லை என்று புகார் கொடுத்தேன். நீங்கள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் ஊரே சேர்ந்து தேடினோம். தோப்பு, வாய்க்கால், செங்கல் சூளை என்று ஓர் இடம் பாக்கியில்லை. அவளும் எங்களோடு வந்து தேடினாள். “வாங்க, நானும் வர்றேன். அவ கிடைச்சா, இந்த ஆளோட எப்படிக் குடும்பம் நடத்தினேன்னு அவளையே கேட்டுக்கறேன்,” என்றாள். வாய்க்கால் கரையில் எங்களைவிட அவள்தான் சத்தமாகக் கூப்பிட்டாள். எனக்குக் கொஞ்சம் மனசு கஷ்டமாக இருந்தது.

உண்மையானவள் கிடைக்கும்வரை இவளை ஊரைவிட்டு அனுப்ப முடியாது. அதனால் பழைய விதைக் கிடங்கில் தங்கவைத்தோம். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள். இரண்டுக்கும் நானே புதுக் கதவு போட்டேன். நல்ல வைரம் பாய்ந்த மரம், கனமான கீல், முகம் பார்த்துப் பேச நகர்த்துகிற மாதிரி ஒரு சின்னப் பலகை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். அவள் போனைக் குழு வாங்கி அணைத்து வைத்திருக்கிறது. முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சாப்பாடு போகிறது. யாரும் அவளிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பெண்கள் பலகையை நகர்த்தி அவளோடு குசலம் பேசுகிறார்கள். கிளம்பும்போது மட்டும், “எங்க செயலாளர் வீட்டம்மாவை என்னம்மா பண்ணினே?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

மச்சினி தினமும் போன் செய்கிறாள். “மாமா, அக்கா வந்து சேர்ந்தாளா இல்லையா? அவ போன் ஏன் அடிக்கவே மாட்டேங்குது?” என்று அழுகிறாள். குரல் அச்சு அசல் மச்சினி குரல்தான். ஏமாறக் கூடாது என்று வைத்துவிடுகிறேன்.

இன்றைக்குக் காலையில் நீங்கள் வந்தீர்கள். சட்டை, தொப்பி, அட்டை எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தன. அடுப்புக்காரனுக்கும் பொருத்தமாகத்தான் இருந்தன. போட்டோவை வைத்துக்கொண்டு பலகை வழியாக அவளைப் பார்த்தீர்கள். “யோவ், இதுதான்யா உன் பொண்டாட்டி,” என்றீர்கள். அந்த இடத்தில்தான் நீங்கள் பிசகிவிட்டீர்கள் சார். அவள் சொன்னதையே நீங்களும் சொன்னால், இரண்டு பேரும் ஒரே கூட்டம் என்றுதானே குழு நினைக்கும்? பக்கத்து அறையையும் பார்க்க வேண்டும் என்று நீங்களாகத்தான் உள்ளே போனீர்கள். நான் கதவை மட்டும்தான் சாத்தினேன்.

சத்தம் போடாதீர்கள். டம்ளர் சிந்துகிறது.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அது என் மனைவிதானே என்று கேட்டீர்கள். ஆமாம். குழு ஆட்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள், நீங்கள் வெளியே போய்ச் சொல்லவும் வழியில்லை, அதனால் சொல்கிறேன். முதல் தட்டிலேயே எனக்குத் தெரியும். முதலில் உள்ளங்கையால் அடிப்பாள், பின்னாலேயே வளையல் மோதும். அந்தக் கதவில் அந்த இடத்தில் வார்னிஷ் போயிருக்கிறது. என் கை தாழ்ப்பாள்வரை போனது சார். அப்போது அவள் ‘ஒரு கால் குட்டை’ என்று சிரித்தாள்.

புதுப் பதில் என்ன என்று அவளும் கேட்டாள், பெரிய வாத்தியாரும் கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். உங்களிடம் சொல்வதற்கு என்ன, அதை நான் இன்னும் முடிவு செய்யவே இல்லை. இல்லாத பதிலை யாரும் திருட முடியாது. இந்த ஊரிலேயே பத்திரமான வீடு இன்றைக்கு என்னுடையதுதான்.

அவளை என்றைக்காவது வெளியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஊர் அந்த முக்காலியை மறக்கட்டும், நானே ஒரு பதிலை அவள் காதில் போட்டு, ஊர் முன்னால் சொல்லவைத்து, கௌரவமாக வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைத்திருந்தேன். அதை அவள்தான் கெடுத்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் நான் பலகையை நகர்த்தியபோது குழு ஆட்களும் பக்கத்தில் இருந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை.

“நான் உங்க பொண்டாட்டி இல்லைங்க,” என்றாள். “நீங்க சொன்னது சரிதான். நான் யாரோ. கதவைத் திறங்க, எங்கேயாவது போயிடறேன்.”

பெரிய வாத்தியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குற்றத்தை ஒப்புக்கொண்டவளை எப்படி வெளியே விடுவது?

நான் வீட்டுக்குப் போய் அந்த முக்காலியில் உட்கார்ந்தேன். அது ஆடியது. இத்தனை நாளும் அவள் கிடங்கில் இருக்கிறாள், இங்கிருந்து கூப்பிடு தூரம்தான் என்று ஒரு தைரியம் இருந்தது. நேற்று அந்தக் குரலைக் கேட்ட பிறகு அது போய்விட்டது. வாய்விட்டு அழுதேன் சார். அப்பா போனதற்கப்புறம் அப்படி அழுதது நேற்றுதான்.

அதனால் புகாரை நான் திரும்ப வாங்குவதாக இல்லை. என் மனைவியைக் காணவில்லை. நீங்கள் உண்மையான போலீஸாக இருந்தால் அவளைக் கண்டுபிடித்துக் கொடுங்கள், அன்றைக்கே உங்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறேன். இப்போது அந்த டம்ளரை இப்படி நீட்டுங்கள்.