எஞ்சினுக்குக் காட்டிய சூடம்

காபி நன்றாகத்தான் இருக்கிறது சார். போலீஸ் ஸ்டேஷனில் வெந்நீருக்குத் தூளைக் காட்டிவிட்டுக் கொடுப்பார்கள் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. போய்த் திருத்திச் சொல்லிவிடுகிறேன். தப்பான சேதி நடமாடினால் எனக்குப் பொறுக்காது. இங்கே வந்ததே அதற்காகத்தான்.

பலவேசத்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். குடித்துவிட்டு வந்து பெட்ரோலைச் சிந்தினான், படகு எரிந்தது என்கிறார்கள். அவன் குடிப்பான்தான். செங்கோட்டைக்குப் போகிறேன் என்று ஆலங்குளம் பஸ்ஸில் ஏறி உட்காருகிற ஆள். ஆனால் அன்றைக்குக் குடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியாதா?

என் பெயர் இராமலட்சுமி. வீட்டுக்காரர் தாணுமாலயன் காலமாகிவிட்டார். அடுத்த வீடு குமரகுருவுடையது, வீட்டை ஒட்டியே பட்டறை. லாரி எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவன், கொஞ்ச காலமாகப் படகு எஞ்சினில் இறங்கிவிட்டான். கொல்லத்தில் பந்தயப் படகு விடுகிற ஒரு முதலாளி, பழைய அமெரிக்க எஞ்சின் ஒன்றைப் படகோடு அனுப்பியிருந்தார். எட்டு சிலிண்டர். பிக் பிளாக் என்பார்கள், கல்யாண வீட்டு அண்டா கணக்காக இருக்கும். அதன் நானூறு குதிரை சக்தியை எழுநூறு ஆக்கவேண்டுமாம். குற்றாலத்தில் பெடல் படகுக்கே ஜனம் வரிசையில் நிற்கிறது, எழுநூறு குதிரை யாருக்கு என்று நான் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

என் அடுக்களை ஜன்னல் பட்டறைக்கு நேராக இருக்கும். குழம்பு கொதிக்கிற நேரத்தில் காது சும்மாதானே கிடக்கிறது? எஞ்சின் தலையில் சூப்பர்சார்ஜர் என்று ஒரு பெட்டியை ஏற்றினார்கள். சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளை வாயில் சோற்றைத் திணிப்பது போல அது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடக் குடிக்கும், சக்தியும் கூடும். பிஸ்டனை மாற்றாமல் திணித்தால் அதன் மண்டையில் ஓட்டை விழுந்துவிடும். இதெல்லாம் நான் ஜன்னலில் படித்த படிப்பு.

குமரகுரு, பட்டறையில் எடுபிடியாக நிற்கிற பலவேசத்திடம் தினமும் ஒரு பாடத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வான்.

"ஏலே, லாரில பெட்ரோல் சிந்துனா ஆவி காத்தோட போயிரும். படகு அப்படி இல்லலே. ஆவி கனம், அடித்தட்டுல போயி படுத்துக்கிடும். பெட்ரோல் ஊத்துனா ஃபேனைப் போட்டு அதை வெளிய தள்ளாம ஒரு பொறி காட்டிராத. மனுசன் மிஞ்ச மாட்டான்."

பலவேசம் அதைக் கேட்டானோ என்னவோ, நான் கேட்டேன்.

அந்த ஜன்னலைத்தான் அடைத்தார்கள் சார். குமரகுருவின் பொண்டாட்டி ஜெயபிரியா பிள்ளை வேண்டித் திருநெல்வேலியில் டாக்டரைப் பார்த்துவந்தாள். நான் நாலு பேரிடம் சொன்னேன். பொய்யில்லை. அவள் என் வாசலுக்கு வந்து, "ஆச்சி, எங்க வீட்டு விசயம் இனி ஒங்க வாயில வரவேண்டாம்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். மறுநாள் என் ஜன்னலுக்கு எதிரே தகரம் நின்றது. வெளிச்சம் போனது பெரிதில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள், குடிதண்ணீர்க் குழாயடியில் எதிர்வீட்டுச் சமீனா கேட்டாள். "என்ன ஆச்சி, ஜெயபிரியா அக்கா அஞ்சு மாசமாம்லா? ஒங்களுக்குத் தெரியாதா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒண்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது, தெருவிலேயே கடைசியாக எனக்குத் தெரிகிறது. குடத்தை நிறைக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு யார்மேலும் வன்மம் கிடையாது. அடுத்த வாரமே ஒரு டப்பா அதிரசத்தோடு போய் ஜெயபிரியாவைப் பார்த்தேன். அவளுக்கும் மனசு இளகிவிட்டது. படகைக் குளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொல்லத்துக்கு அனுப்பப் போகிறோம் என்றாள். "ஆடி பொறந்துட்டா நல்ல காரியம் தொடங்க முடியாதுலா, ஆனிக்குள்ள முடிச்சிருங்க" என்று சொன்னேன். இதில் என்ன தப்பு?

ஆனிக் கடைசியில் சாரல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். மலை இடைவெளி வழியாக வருகிற காற்று ஆளையே தள்ளும். இலஞ்சிப் பக்கம் ஒரு குளத்தில் படகை இறக்கிவிட்டார்கள், ஜெயபிரியா என்னையும் கூட்டிப்போயிருந்தாள். பலவேசம் கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றினான். அந்தக் காற்றில் யார் ஊற்றினாலும் கொஞ்சம் சிந்தும், சிந்தியது. எஞ்சின் மூடியைத் திறந்ததும் வாடை கரையில் நின்ற என் மூக்குவரை வந்தது. பூசைத் தட்டு, தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் நான் கொண்டுபோனவை.

பலவேசம் கேட்டான். இதைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். "அண்ணாச்சி, ஃபேனைப் போட்டுரட்டா?"

"ஃபேனைப் போட்டா சூடம் அணைஞ்சிரும்லா. சாமி கும்பிட்டுட்டுப் போடுலே" என்றேன்.

குமரகுரு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சிரித்தான். "ஆச்சி சொல்லுததும் சரிதான். ஸ்டார்ட் பண்ணுததுக்கு முன்னால போட்டா போதும்."

அவ்வளவு படித்த தொழில்காரன். தீப்பெட்டி, பீடி, ஒயர் பொறி எல்லாம் அவனுக்கு நெருப்பு. சூடம் மட்டும் சாமி. பட்டறையில் எத்தனை எஞ்சினுக்குக் காட்டியிருப்பான். அங்கே நாலு பக்கமும் திறந்த வெளி, ஒன்றும் ஆனதில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கும் சூடம் நெருப்பாகத் தெரியாது சார். எனக்கு மட்டும் அன்றைக்குத் தெரிந்தது.

"நீங்க பெரியவங்க, நீங்களே காட்டுங்க ஆச்சி" என்றாள் ஜெயபிரியா. நல்ல பிள்ளை. நான் தாலி அறுத்தவள், நல்ல காரியத்துக்குத் தட்டைத் தொடக்கூடாது என்று ஒதுங்கிக்கொண்டேன். பிள்ளைத்தாச்சி கையால் காட்டினால் தொட்டது பெருகும் என்றும் சொன்னேன். படகு ஆடுதே என்று குமரகுரு தயங்கினான். நான்தான் அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். குமரகுருவும் கூட ஏறினான், பலவேசம் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

மேலே நின்று இரண்டு தடவை பற்ற வைத்தாள், காற்றில் அணைந்துவிட்டது. சூடம் அணைவது நல்லதில்லையே. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள எறக்கிப் பத்த வையிம்மா. காத்து படாது. எஞ்சினுக்குலா காட்டணும்" என்றேன்.

குனிந்தாள்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. பெரிய பாயை உதறினால் வருமே, அந்த அளவுதான். பலவேசம் அவர்களைத் தூக்கக் குளத்தில் குதித்துப் படகுக்கு நீந்திப் போனான், அவன் கையெல்லாம் வெந்தது அதனால்தான். ஜெயபிரியாவை மறுநாள்தான் குளத்திலிருந்து பிணமாக எடுத்துப் போட்டார்கள். குமரகுரு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இன்னும் பேச்சில்லாமல் கிடக்கிறான். ஆகவே அங்கே நடந்ததைச் சரியாகச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. பலவேசம், தான் ஃபேனைக் கேட்டதாகச் சொன்னால் நம்புங்கள்.

ஊரில் எனக்கு ஓட்டை வாய் என்று பெயர். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். சொல்லியிருந்தால் இரண்டு உயிர் இருந்திருக்கும், வயிற்றில் இருந்ததையும் சேர்த்து. ஆனால் எங்கள் வீட்டு விசயம் உங்கள் வாயில் வரவேண்டாம் என்றது அவள்தானே சார்.

எங்கே கையெழுத்துப் போடணும், காட்டுங்கள். ஒரே ஒரு உதவி. சமீனாவிடம் மட்டும் யாரும் முந்திச் சொல்லிவிட வேண்டாம். குழாயடியில் நானே சொல்லிக்கொள்கிறேன்.