கருகின தீவுல ப்ளூபெர்ரி

டெல்ஃபீன்: மாவிஸ் அக்கா! இங்க வாயேன்... கால் வைக்க இடமில்ல, அத்தனையும் ப்ளூபெர்ரி!

மாவிஸ்: கத்தாதடி! சுப்பீரியர் ஏரிக்கு அக்கரை வரைக்கும் கேக்கும். அடேயப்பா... ஒவ்வொண்ணும் கோலிக்குண்டாட்டம்!

டெல்ஃபீன்: போன வருஷம்தான் தீவே எரிஞ்சுது. அதுக்குள்ள இப்படியா?

மாவிஸ்: வேர் அடியில உயிரோடதானே இருந்துச்சு. கம்பெனிக்காரன் பைன் மரத்தையெல்லாம் வெட்டிட்டுப் போனதும், ஃபிர் மரமா அடைச்சுக்கிச்சு. வெயிலே படல, எங்க காய்க்கும்?

டெல்ஃபீன்: அம்மா எத்தனை வருஷம் வெறுங்கூடையோட திரும்பினா...

மாவிஸ்: பேசிக்கிட்டே முழுங்காதே. வாளியில போடு.

டெல்ஃபீன்: நீ மட்டும்? எங்க, நாக்கைக் காட்டு!

மாவிஸ்: ஏய்... ருசி பாத்தேன்டி.

டெல்ஃபீன்: அக்கா... வனத்துறையில, தீ எப்படிப் பிடிச்சுதுன்னு விசாரிக்கிற வேலை உன்கிட்டதானே இருக்கு? அறிக்கை...

மாவிஸ்: நாளைக்கு அனுப்பணும்.

டெல்ஃபீன்: என்னன்னு?

மாவிஸ்: இடி விழுந்துச்சுன்னு.

டெல்ஃபீன்: தீப்பிடிச்சப்ப நிழல்ல இன்னும் பனிக்கட்டி கிடந்துச்சு, அந்த நேரத்துல இடியா! யார் நம்புவா?

மாவிஸ்: ஆபீசர் டவுன்காரர். நம்புவார். உனக்கு ஏன் முகம் வெளுக்குது?

டெல்ஃபீன்: இடி இல்லக்கா... நான்தான். பனி இருக்கறப்பவே கொளுத்தினா மேலாப்புல எரியும், வேர் பொழைச்சுக்கும்னு... பத்த வச்சதும் பயந்து படகுல ஓடிட்டேன். அன்னையிலேருந்து யார் கதவைத் தட்டினாலும் பக்குன்னு இருக்கு. ஜெயில்ல போட்டுருவாங்களோன்னு...

மாவிஸ்: தெரியும்.

டெல்ஃபீன்: தெரியுமா! எப்படி?

மாவிஸ்: தெக்குக் கரையில பாறை மேல புகையிலை இருந்துச்சு. இடி என்ன, புகையிலை வச்சுக் கும்பிட்டுட்டா விழும்? மண்ணுகிட்ட அனுமதி கேட்டு நம்ம பழங்குடி ஆளுங்கதான் அப்படி வைப்பாங்க. அதுலயும் பிடி பிடியா அள்ளி வைக்கிறவ நீ ஒருத்திதான்.

டெல்ஃபீன்: ஐயோ... எனக்காகவா பொய் எழுதின? தெரிஞ்சா உன் வேலையே போயிடுமே, அக்கா!

மாவிஸ்: உனக்காகவா? அட போடி! நீ வச்சது பத்தடி போறதுக்குள்ள அணைஞ்சு போச்சு. ரோந்து வந்தப்ப பாத்தேன்... மறுநாள் மேக்குப் பக்கத்துலேருந்து கொளுத்தினவ நான்தான்.