ஏறாமல் நின்ற முள்

வாயால் சொன்னால் எனக்குத் தடுமாறும் என்பதால் காவல் ஆய்வாளரான உங்களிடம் கேட்டு நானே எழுதுகிறேன். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது இருபத்து மூன்று. இயற்பியல் பட்டம் பெற்றிருக்கிறேன். படகு எஞ்சின் பட்டறையில் சோதனைத் தாள் எழுதுகிறேன். அதே பட்டறையில் என் அப்பா மிஸ்திரி.

சென்ற திங்கட்கிழமை காலை ஒரு படகின் ஆஃப்டர்கூலர் வந்தது. எஞ்சினுக்குள் போகும் சூடான காற்றைக் கடல்நீரால் குளிர்விக்கும் பெட்டி அது. உள்ளே ஒரு குழாய் ஓட்டையானாலும் கடல்நீர் எஞ்சினுக்குள் போய்விடும். வழக்கமாகக் காற்றடைத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்போம். அன்று தொட்டி விரிசல் விட்டுக் காலியாகக் கிடந்தது. அதனால் காற்றடைத்து வாசலில் வைத்து, அழுத்தமானியின் முள் நின்ற இடத்தில் கண்ணாடி மேல் அப்பா கோடு போட்டார். அதன் பிறகு அரை மணி நேரம் நானும் அப்பாவும் படகு ஓட்டுநர் மாமாவும் அதன் பக்கத்திலேயே நின்றோம். மாமா எங்களுக்கு உறவில்லை, கூப்பிட்டுப் பழக்கம்.

நிழல் விலகிப் பெட்டி மேல் வெயில் விழுந்தது. தொட்டேன், சுட்டது. முள் கோட்டிலேயே நின்றது. உள்ளே காற்று சூடானால் முள் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் எங்கோ காற்று போகிறது என்று பொருள். இது எனக்குத் தெரியும். "முள்ளு ஏறலையேப்பா" என்று மட்டும் சொன்னேன். "எறங்கலல்ல, அப்புறம் என்ன?" என்றார் அப்பா. முள் ஏறவில்லை என்று கவலைப்படும் முதல் ஆள் நான்தான் என்று மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகு கசிவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாமா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "படிச்ச புள்ள எழுதிருச்சு, இனி என்ன" என்றார்.

வியாழக்கிழமை துறைமுக வாயிலில் எஞ்சின் நின்று, படகு அலைதடுப்புக் கற்களில் மோதியது. இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். மாமா ஏறவில்லை. எஞ்சினுக்குள் கடல்நீர் இருந்தது. மறுநாள் உங்கள் காவலர் முன்னிலையில் அதே பெட்டியை, விரிசலை அடைத்த தொட்டியில் அமுக்கினோம். மூன்றாவது வரிசையில் ஒரு குழாயின் முனையிலிருந்து விட்டுவிட்டுக் குமிழி வந்தது. நான்கு வரை எண்ணினேன்.

அன்று வீட்டில் அப்பா, "நீ பட்டறைக்கு உள்ள இருந்தே, நான் சொன்னத எழுதுன. அவ்வளவுதான்" என்றார். நான் தட்டைக் கழுவி வைத்தேன். மறுநாள் அவர் உங்களிடம் அப்படியே சொல்லிக் கைநாட்டு வைத்தார். நான் உள்ளே இல்லை. வாசலில் அவர் பக்கத்தில் நின்றேன்.

இதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நடந்ததில் எதையும் கூட்டவில்லை, விடவும் இல்லை.

ஒரு வேண்டுகோள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அவரை மறுபடி அழைக்கும்போது இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். என்னால் வீட்டில் சொல்ல முடியவில்லை.

(கையொப்பம்)