ஹால் ஸ்பீக்கரில் என் பாடம்

இல்லண்ணா, வீடியோ சத்தத்த மொத்தமா கொறைக்க வேணாம். அந்த ஒரு எடத்துல மட்டும். தேடுற பெட்டியில தண்ணீர்னு அடிப்பேன், கட்டுரையா வந்து கொட்டும். அதுல வேண்டியத மட்டும் எப்படி வடிகட்டுறதுன்னு சொல்ல ஆரம்பிப்பேன் பாருங்க, அங்க.

ஒண்ணுமில்லண்ணா, ஒரு புத்தகம் கீழ விழுந்துச்சு. அவ்ளோதான்.

புதுசா எடுத்திருக்கலாம்தான். நடுநடுவுல கேள்வி வச்சு, பதில் சொன்னாத்தான் மேல ஓடுற மாதிரி எல்லாம் கோத்தாச்சு. தலைமை நூலகர் மேடமும் சரின்னுட்டாங்க. இப்பப் போயி மாத்தணும்னா ஏன்னு கேப்பாங்கல்ல? நான் என்னத்தச் சொல்ல?

முன்னாடியெல்லாம் ஒரு மேஜையச் சுத்தி உக்கார்ற அளவுக்குத்தான் பசங்க. பின்னாடி நின்னு, இங்க அழுத்தும்மா, அங்க பாருப்பான்னு சொல்லிக்குடுப்பேன். இப்ப நூலகத்துல கால் வைக்க எடமில்ல. அதான் பாதி வீடியோ, பாதி நேர்லன்னு ஆச்சு. போன வருஷம் அவங்கவங்க போன்ல பாத்தாங்க. பஸ் இரைச்சல்ல யாருக்கு என்ன கேக்கப்போவுது! பாதிப் பேரு பாக்காமலே வந்து முழிக்கிறாங்கன்னு, இந்தத் தடவ எல்லாரையும் ஹால்ல உக்கார வச்சே போடச் சொல்லிட்டாங்க. உங்க ஸ்பீக்கர் வேற பீரோ கணக்கா நிக்குது.

வீட்லதாண்ணா எடுத்தேன். பாப்பா தூங்குற நேரமாப் பாத்து, கதவ சாத்திட்டு. நாய் கொரைக்கும், காலிங் பெல் அடிக்கும், ஒவ்வொரு தடவையும் மொதல்லேர்ந்து. கடைசில எல்லாம் நல்லா வந்துட்டிருந்துச்சு. அந்த நேரம் பாத்து பாப்பா எந்திரிச்சு வந்து காலக் கட்டிக்கிட்டா.

ஐயோ, ஏண்ணா போட்டீங்க? அதுவும் இவ்ளோ சத்தமா.

ஆமா. அம்மாங்குறது அவதான். அடுத்து அந்த சத்தம். அதுக்கப்புறம் அவகிட்டேர்ந்து ஒண்ணுமே கேக்காது. நான் மட்டும் சிரிச்ச மொகமா வடிகட்டுறதப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பேன்.

நீங்க சத்தத்தோடயே பொழங்குறவரு. உங்ககிட்ட போயி புத்தகம் விழுந்துச்சுங்கறேன்.

கொறைக்க வேணாண்ணா. அதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. மிச்சத்த நானே நின்னு சொல்லிக்குறேன். ஏன் நிறுத்துனீங்கன்னு மேடம் கேட்டா... கேக்கட்டும்.

பாப்பாவா? நல்லாத்தான் இருக்கா. காலையில தல சீவ சீப்போட கையத் தூக்குனேன். கண்ண இறுக்கி மூடிக்கிட்டா.